முப்பத்திரண்டு கிலோ சாட்சி

“தூக்குங்க ரைட்டு.”

“டீச்சர், நான் டிக்கெட் கிழிச்ச ஆளு. மூட்டை தூக்கின ஆளு இல்ல.”

“பேசாம தூக்குங்க.”

ரைட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினார். மின்சார சைக்கிள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. அதற்குள் அவருடைய இடுப்பு, இந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை என்று அறிவித்துவிட்டது. சைக்கிள் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

“இதுக்குப் பேரு சைக்கிளாம்! பெத்தவங்க பேரு வைக்கும்போது தூக்கிப் பார்த்திருக்க மாட்டாங்க.”

“முப்பத்திரண்டு கிலோ” என்றார் டீச்சர். “இதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, ஒரு கையால தாங்கிக்கிட்டே இன்னொரு கையால ஸ்டாண்டோட கவ்விய முடுக்கணும். உங்களால முடியல. நான் முயற்சி பண்ணினா என்னையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அப்ப யாரால முடியும்?”

“வேளா வேளைக்குச் சாப்பிடற யாராலயும் முடியும்.”

ரைட்டு முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டாலும் வாய் அவரை விடவில்லை. டீச்சர் பத்தொன்பது வருஷம் பள்ளியில் பௌதிகம் நடத்தியவர். பிள்ளைகளின் பொய்களைக் கண்டுபிடித்து அலுத்துப்போய், பெரியவர்களின் பொய்களைக் கண்டுபிடிக்கும் தொழிலுக்கு மாறிவிட்டார். இதில் வருமானம் குறைவு, பொய் அதிகம்.

இருவரும் நின்றிருந்தது தரைக்குக் கீழே இருந்த ஒரு மின்சார சைக்கிள் பட்டறையில். மேலே ஷோரூம். தெருவிலிருந்து ஒரு சரிவு இறங்கி வந்து பட்டறை வாசலில் முடிந்தது. அந்த வாசலைத் தவிர வேறு வாசல் கிடையாது, சன்னல் கிடையாது. வாசலுக்கு ஓர் இரும்பு ஷட்டர். அதன் ஸ்பிரிங் செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இறக்குவதற்கு வெளியே அதைத் தாங்கும் கொக்கியை எடுத்தால் போதும், தானே விழும். ஏற்றுவதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும். காலையில் முதலாளியின் அண்ணனும் பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து தம் பிடித்துத்தான் அதை மேலே ஏற்றினார்கள்.

“ஊர்ல இருக்கற வண்டியை எல்லாம் ரிப்பேர் பண்றாங்க. சொந்த ஷட்டருக்கு ஒரு ஸ்பிரிங் போட நேரமில்ல” என்று ரைட்டு அப்போதே முணுமுணுத்தார். டீச்சர் ஷட்டரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால், மத்தியான இடைவேளையில், இந்தக் கடையின் முதலாளி இதே தரையில் மண்டை உடைந்து கிடந்தார். அவர்மேல் இந்தச் சைக்கிள். சைக்கிளைக் கவ்விய ரிப்பேர் ஸ்டாண்டும் அதனுடனேயே கவிழ்ந்து கிடந்தது. இன்று வரை அவர் கண் திறக்கவில்லை. பட்டறையின் ஒரே மெக்கானிக் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. போலீஸ் வந்ததும் யாரும் கேட்காமலேயே அவன் சொல்லிவிட்டான்: “ஸ்டாண்டை வாங்கினது நான். லிஃப்ட் ஸ்டாண்டு ஓடலன்னு அதுல வண்டிய மாட்டினது நான். சரியா மாட்டல. தப்பு என்னோடது.” எழுதியும் கொடுத்துவிட்டான். விசாரித்துவிட்டு நேற்று சாயங்காலம்தான் கைது என்று பதிவு செய்தார்கள். இன்று நாலு மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள்.

முதலாளியின் மனைவியை எல்லோரும் கடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷோரூம் கவுண்டரில் உட்காருபவர். காலையில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியவரும் அவர்தான். “புருஷன் ஆஸ்பத்திரியில, தம்பி லாக்கப்புல. தம்பிய மட்டுமாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க டீச்சர். அவன் இதைச் செய்யல” என்றார். அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது.

இப்போது மணி இரண்டே கால்.

“ஆக ஆளு பலசாலி” என்றார் ரைட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “தம்பி மெக்கானிக். தினமும் தூக்கறவன். அவனே மாட்டியிருக்கலாமே?”

“தூக்க முடியும். ஆனா இந்த ஸ்டாண்டுல தூக்கி மாட்ட மாட்டான்.”

டீச்சர் கவிழ்ந்து கிடந்த ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தார். அலுமினியத்தில் மூன்று கால், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சைக்கிளைக் கவ்வும் கவ்வி. சாதாரண சைக்கிளுக்கு அமர்க்களமான சாமான். கம்பத்தில் ஒட்டியிருந்த சீட்டில் இருபத்தைந்து கிலோ வரை என்று போட்டிருந்தது.

“மின்சார வண்டின்னா மெக்கானிக் முதல்ல பேட்டரியக் கழட்டுவான். கனம் குறையும். விழுந்த வண்டில பேட்டரி அப்படியே இருக்கு. கழட்டி எடை போடுங்க.”

ரைட்டு பேட்டரியைக் கழற்றினார். அது செங்கல்லைவிட நீளம், செங்கல்லைவிட அழுத்தம். தராசுக்குப் போகும் வழியில் அவர் கையை விட்டு நழுவி, முனை குத்தித் தரையில் பொத்தென்று விழுந்தது.

“ரைட்டு!”

“பயணிகள் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.” எடுத்துத் துடைத்துத் தராசில் வைத்தார். “நாலு கிலோ.”

“அப்ப கழட்டினாலும் இருபத்தெட்டு. ஸ்டாண்டு தாங்கறதைவிட மூணு அதிகம். தொழில் தெரிஞ்சவன் இதைத் தொட்டிருக்கவே மாட்டான். இன்னொண்ணு பாருங்க. கவ்வி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கோ, அந்தப் பக்கம் ஒரு கால் இருக்கணும். அப்பதான் கனம் கால்மேல இறங்கும். இதுல கவ்வி ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கற வெறும் பக்கத்தைப் பார்த்து நிக்குது. மாட்டின உடனே கவிழ்ந்திருக்கும்.”

“கவிழணும்னே வச்சிருக்காங்கன்றீங்க.”

“ஆமா. ஆனா இது என்ன?”

கவ்வியின் வாயில் ஒரு துணி இருந்தது. மஞ்சள் துணி, மெத்தென்று, சுத்தமாக. பட்டறையில் கிடந்த மற்ற துணிகள் எல்லாம் எண்ணெயும் கரியும் ஏறி, துணி என்ற பெயரையே இழந்திருந்தன.

ரைட்டுக்குப் பிடிபட்டது. “மேல ஷோரூம்ல ஹெல்மெட் துடைக்கிற துணி! வர்றப்பப் பார்த்தேன்.”

“ஒருத்தரைக் கொல்றதுக்காக ஒரு வண்டியத் தள்ளிவிடப் போறாங்க. அந்த நேரத்திலயும் வண்டியோட பெயின்ட்ல கீறல் விழக்கூடாதுன்னு துணி வச்சு மாட்டியிருக்காங்க. கை தானா செஞ்சிருக்கு. கஸ்டமருக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின கை. அப்படிப்பட்டவங்க மேலதான் இருக்காங்க.”

“மேல இருக்கறது ரெண்டே பேரு. கடைக்காரம்மா, அப்புறம் முதலாளியோட அண்ணன் பயில்வான். காலைல ஒத்தைக் கையால பாதி ஷட்டரை ஏத்தினாரே, அந்த மனுஷன். முதலாளிகூட அவருக்குப் பேச்சு வார்த்தை கிடையாதுன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.”

“எதுக்கும் அந்த லிஃப்டு வேலை செய்யுதான்னு பார்த்துடுங்க.”

ஷட்டரை ஒட்டினாற்போல் நின்றிருந்தது மின்சார லிஃப்ட் ஸ்டாண்டு. கனமான இரும்புத் தட்டின்மேல் ஒரு தூண். தூணில் மேலும் கீழும் ஓடும் ஒரு கை. அந்தக் கையில் ஒரு பட்டை நாடா. அறுபது கிலோ வரை தூக்கும் என்று எழுதியிருந்தது. ரைட்டு பச்சைப் பொத்தானை அமுக்கினார். அது அசையவில்லை.

“அதான் ஒரு வாரமா ரிப்பேருன்னு சொன்னேனே” என்று வாசலில் குரல் கேட்டது. கடைக்காரம்மா சரிவில் நின்றுகொண்டிருந்தார். “அது ஓடாததாலதான் பழைய ஸ்டாண்டுல மாட்டினாங்க. போலீஸ்காரங்களும் அமுக்கிப் பார்த்தாங்க. என்ன டீச்சர், ஏதாவது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. இது விபத்து இல்லம்மா. உங்க தம்பி செஞ்சதும் இல்ல. மேலேர்ந்து இறங்கி வந்த ஒருத்தர் செஞ்ச வேலை. நேரா ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிடப் போறோம். நாலு மணிக்குள்ள தம்பி வெளிய வந்துடுவான்.”

கடைக்காரம்மாவின் முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. “மேலேர்ந்தா?” என்று கேட்டார். பிறகு, “வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. தண்ணி எடுத்துட்டு வரேன்” என்று திரும்பினார்.

டீச்சர் மஞ்சள் துணியை ஒரு காகித உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ரைட்டு குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது இடி விழுந்தது.

ஷட்டர்தான். ஒரே வீச்சில் மேலிருந்து இறங்கித் தரையில் மோதி நின்றது. வெளிச்சம் போயிற்று. தலைக்கு மேலே ஒரே ஒரு குழல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“ஹலோ! உள்ள ஆளுங்க இருக்கோம்!” ரைட்டு ஓடிப்போய்த் தட்டினார். பதில் இல்லை. கீழே இருந்த கைப்பிடியில் இருவரும் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். ஷட்டர் விரற்கடை அளவுகூட எழும்பவில்லை. எழும்பியது ரைட்டின் இடுப்பு வலிதான். போனை எடுத்துப் பார்த்தார்கள். தரைக்குக் கீழே சிக்னல் இல்லை.

“பயில்வான்” என்றார் ரைட்டு. “மேல நின்னு கேட்டிருக்கான். படுபாவி, கொக்கிய எடுத்து விட்டுட்டான்.”

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. அவருக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது, அதை மறைக்க அவர் முயற்சிக்கவில்லை. “நாலு மணிக்கு அந்தப் பையனை உள்ள அனுப்பிட்டாங்கன்னா, அப்புறம் வெளிய எடுக்கறதுக்கு மாசக்கணக்கா ஆகும். எப்படியாவது இதைத் தூக்கணும்.”

“வழி விடுங்க. நெம்பிடுவோம்.” ரைட்டு பழைய ஸ்டாண்டின் கம்பத்தைப் பிடுங்கி, ஷட்டரின் அடியில் செருகி, தன் முழுக் கனத்தையும் அதன்மேல் போட்டார். அலுமினியக் கம்பம் வாழைத்தண்டு மாதிரி வளைந்து அவரைத் தரையில் உட்கார வைத்தது.

“இருபத்தஞ்சு கிலோன்னு அதுலயே எழுதியிருக்கு ரைட்டு.”

“நான் படிக்கல டீச்சர். நீங்களும் சத்தமா வாசிக்கல.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிரஷர் குக்கர் விசில் அடிப்பதற்கு முன் முனகுமே, அப்படி ஒரு சீறல். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தராசின்மேல் இருந்த பேட்டரியின் முனை, ரைட்டு போட்ட முனை, வீங்கியிருந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு புகை நூல் மேலே போய்க்கொண்டிருந்தது.

“நிர்வாகம் பொறுப்பல்லன்னு சொன்னீங்களே” என்றார் டீச்சர்.

மூலையில் மணல் வாளி இருந்தது. ரைட்டு அதைத் தூக்கிவந்து மொத்த மணலையும் பேட்டரிமேல் கொட்டினார். சீறல் அமுங்கியது, நிற்கவில்லை. மணலுக்குள்ளிருந்து புகை கசிந்துகொண்டே இருந்தது. புளித்த, தொண்டையை அறுக்கும் புகை. சன்னல் இல்லாத அறை அதைப் பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொண்டது. குழல் விளக்கு மங்க ஆரம்பித்தது. ரைட்டு இரும ஆரம்பித்தார். அவர் இருமியபடியே ஜோக் அடிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்று டீச்சருக்குத் தோன்றியது.

“ரைட்டு, குனிஞ்சே இருங்க. நல்ல காத்து கீழதான் இருக்கும்.”

ரைட்டு தவழ்ந்து ஷட்டர் பக்கம் வந்தார். தவழ்ந்தவரின் கண்ணுக்கு நேராக லிஃப்ட் தூணின் அடிப்பாகம் வந்தது. அதில், இடுப்புக்குக் கீழே, பொத்தான் பெட்டிக்கு அடுத்த பக்கம், ஒரு சிவப்புக் குமிழ் இருந்தது. நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

“டீச்சர், கடைசி ரெண்டு வருஷம் எனக்குக் கரன்ட் பஸ்ஸுதான் கொடுத்தாங்க.”

“இப்ப அதுக்கு என்ன?”

“அதுலயும் இதே மாதிரி சிவப்புக் குமிழு. அவசரத்துக்கு அமுக்கினா எல்லாம் நின்னுடும். எத்தனை பச்சைப் பொத்தான அமுக்கினாலும் அசையாது. டிரைவர் புதுசா இருந்தா வண்டி ரிப்பேருன்னு டிப்போவுக்கு போன் போடுவான். நான் போய்...” ரைட்டு குமிழைப் பிடித்து வலப்பக்கம் திருகினார். அது டக்கென்று வெளியே துள்ளியது. “இப்படித் திருகுவேன்.”

டீச்சர் பச்சைப் பொத்தானை அமுக்கினார். தூணில் இருந்த கை முனகலே இல்லாமல், வெண்ணெயில் ஓடுகிற மாதிரி மேலே ஏறியது. 

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது ரிப்பேர் இல்ல” என்றார் ரைட்டு.

“இல்ல.”

கையைக் கீழே இறக்கி, அதிலிருந்த நாடாவை ஷட்டரின் கைப்பிடியில் மாட்டப் போன டீச்சர், நாடாவின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நாடாவின் முனையில் ஒரு கொக்கி. சைக்கிளில் மாட்டுகிற கொக்கி அகலமாக ரப்பர் போட்டு இருக்கும். இது சின்னது. சுத்தியலால் தட்டி வளைத்தது. ஷட்டரின் கைப்பிடியில் வைத்ததும், அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

“ரைட்டு, இந்த ஷட்டரை உள்ளேர்ந்து இப்படித் தூக்கறது நாம முதல் ஆளு இல்ல.”

“டீச்சர், பாடம் அப்புறம். புகை.”

“லிஃப்டு ரிப்பேருன்னு நமக்குச் சொன்னது யாரு?”

ரைட்டு இருமிக்கொண்டே யோசித்தார். “கடைக்காரம்மா. அப்புறம் தம்பியோட வாக்குமூலம்.”

“அப்ப பயில்வானை மறந்துடுங்க. முப்பத்திரண்டு கிலோவைத் தூக்கறதுக்குப் பலம் வேணும்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டேன். அதுக்கு ஒரு விரல் போதும்.”

டீச்சர் பொத்தானை அமுக்கினார். நாடா விறைத்தது. ஷட்டர் ஒருமுறை நடுங்கி, கிறீச்சிட்டு, அரை அடி எழும்பியது. கீழே ஒரு கோடு வெளிச்சம் வந்தது. கூடவே ஒரு குரலும் வந்தது.

“டீச்சர்! டீச்சர்! ஐயோ, என்னால தூக்க முடியலையே! யாராவது வாங்களேன்!”

அந்த வெளிச்சக் கோட்டில் பத்து விரல்கள் தெரிந்தன. வெளியிலிருந்து கடைக்காரம்மா ஷட்டரின் அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் ரத்தம். எவ்வளவு நேரமாக இழுக்கிறாரோ. லிஃப்ட் உள்ளிருந்து இழுத்தது, அவர் வெளியிலிருந்து இழுத்தார். ஷட்டர் இரண்டடி வந்ததும் ரைட்டு தவழ்ந்து வெளியே போய், டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். புகை அவர்களைத் தாண்டிக்கொண்டு சரிவில் ஏறிப் போயிற்று.

மூவரும் சரிவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். உள்ளே மணலுக்கடியில் புகை மெதுவாக அடங்கியது. 

“ஷட்டர் கொக்கிய எடுத்தது நீங்கதானே?” என்று டீச்சர் கேட்டார்.

“ஆமா.” கடைக்காரம்மா மறுக்கவில்லை. “நீங்க ஸ்டேஷனுக்குப் போறேன்னதும் ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரம் யோசிக்கணும்னு நினைச்சேன். கை தானா கொக்கிக்குப் போயிடுச்சு. பேட்டரி புகையும்னு எனக்குத் தெரியாது டீச்சர். சத்தியமா தெரியாது. புகை வாசனை வந்ததும் ஓடி வந்தேன். தூக்க முடியல. எனக்குத் தெரியும், உள்ள இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

“எத்தனை தடவை உள்ள இருந்திருக்கீங்க?”

அந்தக் கேள்விக்காகப் பதினோரு வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எண்ணல. அவருக்குக் கோபம் வந்தா அடிக்க மாட்டாரு. அடிச்சா தெரியும்ல. கீழ ஒரு சாமான் எடுத்துட்டு வான்னு அனுப்புவாரு. இறங்கினதும் ஷட்டரை விட்டுடுவாரு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஒரு நாள் பூரா. என்னால தூக்க முடியாதுன்னு தெரியும் அவருக்கு. ஸ்பிரிங் மாத்தலாம்னு தம்பி எத்தனையோ தடவை சொன்னான். மாத்த விடல.”

ரைட்டு திரும்பி, பாதி ஏறி நின்ற ஷட்டரைப் பார்த்தார்.

“போன வருஷம் கனமான வண்டிங்க வருது, நல்ல ஸ்டாண்டு வேணும்னு தம்பி கேட்டான். பெரிய கடைங்கள்ல இருக்கற மாதிரி லிஃப்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கினான். அதைக் கொண்டுவந்து ஷட்டர் ஓரமா வச்சான். வண்டி இறங்கினதும் ஏத்த வசதின்னு இவர்கிட்ட சொன்னான். என்கிட்ட தனியா நாடாவோட கொக்கியக் காட்டினான். ‘இது வண்டிக்கு இல்லக்கா, உனக்கு’ன்னான். அதுக்கப்புறம் இவர் தெருமுனைக்குப் போனதும் ஷட்டரைக் கொஞ்சம் ஏத்தி வச்சுப்பேன், வர்றதுக்குள்ள இறக்கிடுவேன்.”

அதற்குமேல் அவர் சொன்னதை ஒரே மூச்சில் சொன்னார். அன்று மத்தியானம் அவர் கணவர் ஷட்டரை விட்டார். வழக்கமாகத் தெருமுனை வரை போய்விடுகிற மனிதர், அன்று வாசலிலேயே நின்றிருந்தார். ஷட்டர் தானே ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டார். உள்ளே வந்து சிவப்புக் குமிழை ஓங்கிக் குத்தினார். நாளைக்கே இந்த லிஃப்டைக் கழற்றி எடுத்துவிடுவேன் என்று சிரித்தார். நாடாவைப் பிடுங்க வந்தார். கடைக்காரம்மா விடவில்லை. பிடித்துத் தள்ளினார். அவர் மல்லாக்கச் சாய்ந்து லிஃப்டின் இரும்புத் தட்டில் தலை அடிபட விழுந்தார். பிறகு அசையவில்லை.

“செத்துட்டாருன்னு நினைச்சேன். குமிழைத் திருகி, ஷட்டரை முழுசா ஏத்திக் கொக்கிய மாட்டிட்டு, நாடாவால வண்டியத் தூக்கி, பழைய ஸ்டாண்டுல மாட்டி நாடாவை விட்டேன். அது கவிழும்னு எனக்குத் தெரியும். ஸ்டாண்டு வாங்க வர்றவங்ககிட்ட தினமும் நான் ஒப்பிக்கிறதுதானே, கவ்விக்கு நேரா கால் இருக்கணும்னு. திரும்பக் குமிழை அமுக்கிட்டு மேல போயிட்டேன். தம்பி சாப்பிட்டுட்டு வந்தான். குமிழு அமுங்கியிருக்கறதப் பார்த்தான், நாடாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேக்கல. போலீஸ் வந்ததும் நான்தான்னு சொல்லிட்டான். அதை நான் நினைச்சே பார்க்கல டீச்சர். விபத்துன்னு நீங்க சொல்லிடுவீங்க, அவனை விட்டுடுவாங்கன்னு நினைச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

மணி மூன்று பத்து.

“விபத்துன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் டீச்சர். “சொன்னா உங்க தம்பியோட வாக்குமூலம் அப்படியே நிக்கும். தப்பா மாட்டினவன்னு உள்ள போவான். நீங்க வெளிய இருப்பீங்க. ஆனா அந்த ஷட்டருக்குள்ளயேதான் இருப்பீங்க. நீங்க அவரைத் தள்ளினது கேஸுன்னா, அவர் உங்களை அடைச்சு வச்சதும் கேஸுதான். அதை நான் சொல்றேன். நாடாவுல இருக்கற அந்தக் கொக்கியும் சொல்லும்.”

கடைக்காரம்மா தன் விரல்களைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் ரத்தத்தைத் துடைத்தார்.

“ஆட்டோ கூப்பிடுங்க அண்ணே” என்று ரைட்டிடம் சொன்னார்.

மூன்று நாற்பதுக்கு அவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது தம்பியை வேனில் ஏற்றுவதற்காக வெளியே கொண்டுவந்திருந்தார்கள். மூன்று நாள் தாடி, எண்ணெய் போகாத நகம், அக்காவின் அதே கண்கள். அக்காவைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“சார், எங்கக்கா என்ன சொன்னாலும் நம்பாதீங்க! என்னைக் காப்பாத்த ஏதாவது சொல்லும். நான்தான் மாட்டினேன். எழுதிக் கொடுத்திருக்கேன்ல!”

“நான் சார். இவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அக்கா, சும்மா இரு!”

இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பதினாறு வருஷ சர்வீஸில் ஒரு குற்றத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டதை அவர் பார்த்ததில்லை. “டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. இதுல எது நிஜம்?”

“அவனையே கேட்டுடுவோம் சார். ஒரே ஒரு கேள்வி.” டீச்சர் தம்பியின் முன்னால் போய் நின்றார். “தம்பி, நீ நல்ல மெக்கானிக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. கவ்வில வண்டிய நேரடியா வச்சு முடுக்கினா பெயின்ட் போயிடும். நடுவுல என்ன வைப்ப?”

தம்பிக்கு இது என்ன கேள்வி என்று புரியவில்லை. தொழிலைப் பற்றிக் கேட்டதால் நாக்கு தானாகப் பதில் சொல்லிவிட்டது. “பழைய டியூப் துண்டு மேடம். துணி வச்சா வழுக்கும். துணி வைக்கவே கூடாது.”

“அன்னிக்கும் அதான் வச்சியா?”

“எப்பவும் அதான்.”

இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறந்தார். போலீஸ் எடுத்த போட்டோவில், கவ்வியின் வாயில் மஞ்சள் துணி பளிச்சென்று தெரிந்தது. டீச்சர் காகித உறையைத் திறந்து அதே துணியை மேஜைமேல் வைத்தார். தம்பி அதைப் பார்த்தான். மேலே கவுண்டரில் அக்கா கையில் தினமும் பார்க்கிற துணி. அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான்.

“போதும்டா” என்றார் கடைக்காரம்மா. அவன் தலையில் கை வைத்தார். “நீ செஞ்சது போதும். வீட்டுக்குப் போ. சாப்பிடு.”

அவர் வாக்குமூலத்தை எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஷட்டரைப் பற்றிச் சொன்ன பகுதியை இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை நிறுத்திப் படித்துப் பார்த்தார். டீச்சர் ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார். ரைட்டு தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார். வழியெல்லாம் ஒரு ஜோக்கூட அடிக்கவில்லை என்று பிற்பாடு தம்பி சொன்னான்.

ராத்திரி இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லி, பெண் கான்ஸ்டபிள் கடைக்காரம்மாவை உள்ளறைக்குக் கூட்டிப் போனார். சின்ன அறை. ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குடம், ஒரு மரக் கதவு. கடைக்காரம்மா உள்ளே போய் உட்கார்ந்தார். கான்ஸ்டபிளின் கை கதவில் பட்டதும் எழுந்துவிட்டார். அன்று முழுவதும் உறுதியாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது.

“எங்கயும் ஓடிட மாட்டேன். எத்தனை வருஷம்னாலும் இருக்கேன். கதவை மட்டும் சாத்தாதீங்கம்மா.”

கான்ஸ்டபிள் திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு, நின்றபடியே மிச்ச வேலையைப் பார்த்தார்.